நான் திருப்பிய படம்

எக்ஸ்ரே அறை மேசையின் மேல் இழுப்பறையில் ஒரு சிறிய ஈய எழுத்து கிடக்கும். 'எல்' என்ற ஆங்கில எழுத்து. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. போன வருஷம் ஓய்வு பெற்ற அன்று அறைச் சாவியோடு அதையும் ஒப்படைத்துவிட்டு வந்தேன். புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர், "இடம் வலம் கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொள்ளலாமே, இது எதற்கு?" என்று கேட்டதாக மும்தாஜ் சிஸ்டர் போனில் சொன்னார். நியாயமான கேள்வி. நானும் பல வருடங்கள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மெஷினைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் என்னைவிட வேகமாக இயக்குகிறீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு தவறைப் பற்றி. அது கவனக்குறைவால் நேர்ந்த தவறு அல்ல. நான் ஒழுங்கானவன் என்பதால் நேர்ந்தது. அதனால்தான் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு டைரி எழுதும் பழக்கம் உண்டு. வீட்டு விஷயம் எதுவும் அதில் இருக்காது. அன்று எத்தனை படம், எந்த கேசட், என்ன கோளாறு, நான் என்ன செய்தேன், அவ்வளவுதான். கோளாறு ஒன்று வந்து அதை நான் தீர்த்திருந்தால், வரியின் கடைசியில் "சரிசெய்தேன்" என்று எழுதுவேன். அந்தச் சொல்லை எழுதும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

படம் பதியும் தட்டான கேசட்டை, அதைப் படித்துத் திரைக்கு அனுப்பும் ரீடரில் மாற்றிச் செருகினாலோ, கம்ப்யூட்டரில் முன்பக்கம் பின்பக்கம் என்பதை மாற்றி அழுத்தினாலோ, நெஞ்சுப் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கத்தான் ஈய எழுத்து. படம் எடுக்கும் முன்பே ஆளின் இடப்பக்கத்தில் ஒட்டிவிட்டால், படம் திரும்பினால் எழுத்தும் திரும்பித் தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் மெஷின் வந்த சில வருடங்களிலேயே நம் அறையில் அந்த வழக்கம் நின்றுபோயிற்று. எழுத்து எங்கோ அலமாரியில் கிடந்தது. படம் திரையில் வந்த பிறகு நாங்களே பக்கத்தைக் குறித்தோம். எந்தப் பக்கம் இடது என்று எப்படித் தெரியும்? எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சொன்ன விதி ஒன்றுதான்: இருதயம் இடப்பக்கம். வலப்பக்கம் தெரிந்தால் நீ எங்கேயோ மாற்றிச் செருகியிருக்கிறாய், திருப்பு. விதி சரியாகத்தான் வேலை செய்தது. முத்துமாரி வரும்வரை.

இது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. கழுகுமலைக்குப் பக்கத்துக் கிராமம். வயது இருபது. அங்கே ஒரு தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைக்கும் வேலை. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த வாரம் அது. வராந்தா முழுவதும் கரிசல் மண் அப்பிய செருப்புகள் கிடந்தன. அவளும் அவள் தாய் சண்முகத்தாயும் காலை பத்தே முக்காலுக்கு அறைக்குள் வந்தார்கள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். நான் சொன்னதையெல்லாம் தாய் ஒரு முறை சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

"மூச்ச இழுத்து நிறுத்தணுமாம்ட்டி."

"நிறுத்துனா இருமல் வருமே. இருமிக்கிட்டே எடுத்தா மோட்டாரு ஆடித் தெரியுமோ, அண்ணாச்சி?"

"என்ன மோட்டாரு?"

"எம் நெஞ்சுதான். ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லுவாங்க. நான் உள்ள வந்தா, கரண்ட் வந்துட்டு, மோட்டாரு ஓடுதுன்னு சிரிப்பாங்க."

அருகில் நின்றாலே கேட்டது. சளி உள்ளே கொதிப்பது போன்ற சத்தம். படம் எடுப்பதற்கு முன் அவள் தன் நெஞ்சின் இடப்பக்கத்தைக் கீழ்ப்பாகத்தில் தொட்டுக் காட்டினாள். "இங்கனதான் கெட்டியா நிக்கும் அண்ணாச்சி. வலப்பக்கம் ஒருச்சாச்சுப் படுத்தா அம்புட்டும் வெளிய வரும்."

நான் தலையாட்டினேன். ஆட்கள் சொல்லும் பக்கம் பெரும்பாலும் துல்லியமாக இருக்காது என்பது என் அனுபவம்.

படம் திரையில் வந்தது. இருதயம் வலப்பக்கம். வயிற்றுக் காற்றின் கருமையும் வலப்பக்கம். நுரையீரலின் கீழ்ப்பகுதியில் ஒரு வெண்படலம், அது இடப்பக்கம். நான் பொத்தானை அழுத்தித் திருப்பினேன். எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தன. வெண்படலம் மட்டும் வலப்பக்கம் போயிற்று. அவள் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டியது எனக்கு நினைவு வந்தது. வந்தும், அதை அவள் தவறு என்று ஒதுக்கினேன். டைரியில் இப்படி இருக்கிறது: "கழுகுமலைப் பெண், 20. படம் திரும்பி வந்தது. சரிசெய்தேன்."

அந்தப் பெண்ணுக்கு எது ஆபத்தாக இருந்தது என்பதை இப்போது சொல்ல வேண்டும். அவள் பிறந்த முதல் மூன்று நாளும் மூச்சுக்குத் திணறிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தவள். அன்று தொடங்கிய சளி நிற்கவே இல்லை. காதில் சீழ், மூக்கில் ஒழுக்கு, வருடம் முழுவதும் இருமல். வெவ்வேறு இடங்களில் இரண்டு முறை காசநோய் என்று சொல்லி மாதக்கணக்கில் மருந்து கொடுத்திருந்தார்கள். இரண்டாவது முறை ஈரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்து, பிழைத்ததே பெரிது என்று அனுப்பியிருந்தார்கள். சளிச் சோதனையில் ஒரு முறைகூடக் கிருமி தெரியவில்லை. ஆனால் படத்தில் வெண்படலம் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

நம் டாக்டரம்மா அவசரப்படுகிறவர் இல்லை. பழைய படங்கள் இரண்டையும் என் படத்தோடு வரிசையாக வைத்து வெகு நேரம் பார்த்தார். முதுகில் குழல் வைத்துக் கேட்டார். "சத்தம் இடப்பக்கம் கேக்குது, படம் வலப்பக்கம் காட்டுது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மூன்று படங்களிலும் இருதயம் இடப்பக்கமே இருந்தது. அதாவது, எனக்கு முன்னால் இரண்டு ஊர்களில் என்னைப் போலவே ஒழுங்கான இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். மூன்று படங்கள் ஒன்றைச் சொல்லும்போது காதை நம்ப யாருக்கும் தைரியம் வராது. ஈரலை வாராவாரம் சோதித்துக்கொண்டு, காசநோய் மருந்தை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தார். முதல் மாத்திரை மறுநாள் காலை, வெறும் வயிற்றில். நெஞ்சு படபடக்கிறது என்று முத்துமாரி சொன்னதால் போவதற்கு முன் ஒரு ஈசிஜி. மூன்றரை மணிக்குத் தாயும் மகளும் மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

மூன்றே முக்காலுக்கு டீ வந்தது. பக்கத்து ஈசிஜி அறை மும்தாஜ் சிஸ்டர் கடம்பூர் போளி பொட்டலத்தைப் பிரித்து என் மேசையில் வைத்தார்.

"அண்ணாச்சி, எனக்கும் வயசாயிட்டு. இன்னைக்கு ஒயர மாத்தி மாட்டிட்டேன்."

"நீங்களா?"

"நாந்தான். அந்தக் கழுகுமலைப் பிள்ளைக்கு. கோடு தலைகீழா வருது. பதறிப்போயி இந்தக் கை ஒயர அந்தக் கையில மாட்டினேன், சரியாயிட்டு. நெஞ்சுல ஒட்டினதுதான் கடைசி வரைக்கும் சிறுசு சிறுசா வந்துச்சு. பிள்ள மெலிவுல்லா, அதான்னு விட்டுட்டேன்."

"மொதல்ல மாட்டுனப்ப கலர் பாத்துத்தான மாட்டுனீங்க?"

"செவப்பு வலது கை, மஞ்ச இடது கை. கண்ண மூடிக்கிட்டு மாட்டுவேன்."

"அப்ப மொதல்ல மாட்டுனதுதான் சரி."

"அது எப்படிச் சரியாகும்? கோடு தலைகீழால்லா வந்துச்சு."

நான் டைரியை எடுத்தேன். முத்துமாரிக்கு முன்னால் எடுத்த ஆளுக்கும் பின்னால் எடுத்த ஆளுக்கும் அதே கேசட். இரண்டும் திரும்பவில்லை. நான் அன்று எதையும் மாற்றிச் செருகவில்லை. இரண்டு அறையில் இரண்டு மெஷின்கள் ஒரே நாளில் ஒரே ஆளிடம் மட்டும் தவறு செய்ய முடியாது. மெஷின்கள் பார்த்ததைச் சொல்லியிருந்தன. நாங்கள் இரண்டு பேரும் அவற்றைத் திருத்தியிருந்தோம்.

டாக்டரம்மாவின் அறை வாசலில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் வரிசையைப் பார்க்காமல் உள்ளே போனேன். முப்பது வருடத்தில் நான் அப்படிப் போனது அதுதான் முதல் தடவை.

"மேடம், கழுகுமலைப் பிள்ள படத்த நான் திருப்பினேன்."

"எதுக்கு?"

"இருதயம் வலப்பக்கம் இருந்துச்சு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் தெரியவில்லை. கேட்டது ஒரே கேள்விதான்.

"இதுக்கு முன்னாடி எத்தன பேருக்கு இப்படித் திருப்பியிருக்கீங்க, அண்ணாச்சி?"

"டைரி பாத்துதான் சொல்லணும்."

"அப்புறம் பாருங்க. மொதல்ல அந்தப் பிள்ள காலையில மாத்திர போடக் கூடாது."

அட்டையில் இருந்த போன் நம்பருக்கு மூன்று தடவை அடித்தோம். எடுக்கவில்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். கழுகுமலை பஸ் கிளம்ப உறுமிக்கொண்டு நின்றது. தாய் ஜன்னலோரம், மகள் பக்கத்தில். நான் படியில் ஏறி நின்று, படத்தில் தவறு நடந்துவிட்டது, இன்னொன்று எடுக்க வேண்டும், மாத்திரையைத் தொட வேண்டாம் என்றேன்.

"யாரு தப்பு?" என்றார் சண்முகத்தாய்.

"என் தப்புதான்."

"நீங்க தப்புப் பண்ணுனதுக்கு நாங்க எதுக்கு எறங்கணும்? நாளைக்கு வந்தா எடுக்க மாட்டீங்களா?"

"ஏறுதீங்களா, எறங்குதீங்களா?" என்றார் கண்டக்டர் பின்னாலிருந்து. "இது எக்ஸ்ரே எடுக்க நிக்கிற பஸ்ஸு இல்ல."

பஸ் முழுக்கச் சிரித்தது. முத்துமாரிதான் எழுந்தாள். அவளுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். மாத்திரை வேண்டாம் என்ற பாதி கேட்டிருக்கிறது. "எறங்கும்மா. அந்த மாத்திரய இன்னொரு தடவ திங்கதுக்குப் பதிலா நான் இவிய கூட நடந்தே போவேன்."

அலமாரியைக் குடைந்து ஈய எழுத்தைக் கண்டுபிடித்தேன். பிளாஸ்திரி போட்டு அவளுடைய இடது தோளுக்கு நேராக கேசட்டில் ஒட்டினேன். படம் வந்தது. எழுத்து நேராக நின்றது. இருதயம் அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தது. மும்தாஜ் சிஸ்டர் அவள் நெஞ்சின் வலப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் தலையசைத்தார்.

"இங்கனதான எல்லாருக்கும் அடிக்கும்?" என்றாள் முத்துமாரி.

"இல்லம்மா. எங்களுக்கெல்லாம் இந்தப் பக்கம்."

"எனக்கு எப்பவும் இங்கனதான். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

யாரும் கேட்கவில்லை என்பது உண்மை.

இருதயம் எந்தப் பக்கம் இருந்தால் நுரையீரலுக்கு என்ன என்று நானும் அன்று கேட்டேன். மறுநாள் காலையில் தாயும் மகளும் திரும்ப வந்தபோது டாக்டரம்மா அதற்குப் பதில் சொன்னார். அதை என் சொற்களில் எழுதுகிறேன். மூக்கிலிருந்து காற்றுக்குழாயின் கிளைகள் வரை உள்பக்கம் முழுவதும் ஒருவகை உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருநூறு அளவில் இருக்கும். அவை விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல், எல்லாம் ஒரே திசையில் அடிக்கின்றன. ஒன்றாக அடிப்பதில்லை. ஒன்றை அடுத்து ஒன்று, அலை போல. அடிக்கும்போது மயிர் விறைப்பாக நிமிர்ந்து மேலே இருக்கும் சளிப்படலத்தைத் தள்ளும். திரும்பி வரும்போது வளைந்து, படலத்துக்கு அடியில் உள்ள நீரில் படுத்தபடி வரும். கம்பங்காட்டில் காற்று பயிரை அசைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இங்கே காற்று இல்லை. பயிர் தானே அசைந்து, தன் மேல் கிடப்பதை நகர்த்துகிறது. நாம் மூச்சோடு இழுக்கும் தூசியும் கிருமியும் அந்தப் படலத்தில் ஒட்டி, தொண்டைக்கு வந்து சேர்ந்து, நமக்குத் தெரியாமலே விழுங்கப்படுகின்றன. நாள் முழுவதும், தூங்கும்போதும் இது நடக்கிறது.

சிலருக்குப் பிறவியிலேயே அந்த மயிர்களுக்குள் இருக்கும் இழுவிசை இல்லை. மயிர் இருக்கும், அடிக்காது. அடித்தாலும் தாறுமாறாக அடிக்கும். சளி நின்ற இடத்தில் நின்று நாறும். மூக்கு, காது, நெஞ்சு எல்லாம் ஒரே நோய்தான்.

இனி இருதயம். கரு உருவாகும் ஆரம்ப நாட்களில், அதன் மேல் ஒரு சிறு குழியில் இதே இனத்து மயிர்கள் சுழன்று, அங்கே உள்ள நீரை இடப்பக்கமாக ஓடவைக்கின்றன. எந்தப் பக்கம் இருதயம், எந்தப் பக்கம் ஈரல் என்பது அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் முடிவாகிறது. ஓட்டம் இல்லையென்றால் உடம்புக்குத் திசை தெரியாது. ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சரியாக அமைந்துவிடும், பாதிப் பேருக்கு மாறிவிடும். முத்துமாரிக்கு எல்லா உறுப்புகளும் மாறியிருந்தன. அதனால்தான் படத்தைத் திருப்பியதும் ஒரு குறையும் இல்லாத சாதாரணப் படமாகத் தெரிந்தது.

இருபது வருடமாக அவள் நோய் என்ன என்று வெளியே தெரியும்படி உடம்பு ஒரே ஒரு அடையாளத்தைத்தான் வைத்திருந்தது. அதை நான் ஒரு பொத்தானில் அழித்திருந்தேன்.

ஆனால் இருதயம் மாறியிருப்பவர்கள் எல்லாருக்கும் இந்த நோய் இருப்பதில்லை. அதனால் மூக்கில் மயிர்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க ஒரு எளிய சோதனை செய்தார். சர்க்கரை நோயாளிகள் டீயில் போடும் சாக்ரின் மாத்திரையில் ஒரு பொடித் துணுக்கை மூக்கின் உள்ளே வைப்பது. மயிர்கள் அதைத் தொண்டைக்குக் கொண்டுபோனால் இனிப்புத் தெரியும். நல்ல மூக்கில் இருபது நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். மூக்கை உறிஞ்சக் கூடாது, தும்மக் கூடாது. நேரம் பார்ப்பது என் வேலை. "என்ன ருசின்னு மட்டும் சொல்லிராதீங்க, அண்ணாச்சி. ஏதாச்சும் ருசி தெரிஞ்சா கையத் தூக்கச் சொல்லுங்க, போதும்" என்றார் டாக்டரம்மா. நான் அப்படியே சொன்னேன். மெடிக்கல் கடைக்குப் போய் அந்த மாத்திரையை வாங்கி வந்தவரே சண்முகத்தாய்தான் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மூக்கை உப்புநீரில் கழுவி, துணுக்கை வைத்தது ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு. டாக்டரம்மா நோயாளிகளைப் பார்க்கப் போனார். முத்துமாரி தலையைக் கொஞ்சம் குனிந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தாய் பக்கத்தில் பெஞ்சில். பத்து பத்துக்கு முத்துமாரி கையைத் தூக்கினாள்.

"தெரியுது."

"என்ன ருசி?"

"இனிப்பு."

பதினெட்டு நிமிடம். நான் "18" என்று எழுதிவிட்டேன். சுத்தமான எண். அதோடு சோதனை முடிந்தது, மயிர்கள் சரி. டாக்டரம்மாவிடம் அதைக் கொடுத்தால், நுரையீரலில் இருப்பது வேறு ஏதோ என்று ஆகி, மறுபடி காசநோய்ச் சந்தேகத்துக்கே திரும்ப வேண்டியிருக்கும். எழுதிய பிறகுதான் தாயின் கை மகளின் முதுகுக்குப் பின்னால் இருப்பதைக் கவனித்தேன். முந்தைய நாளாக இருந்தால் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். அன்று இன்னொரு கேள்வி கேட்டேன்.

"எங்கன தெரியுது?"

அவள் தாயைப் பார்த்தாள். "நாக்கு நுனியில."

மூக்கிலிருந்து இறங்கும் ருசி தொண்டைப் பக்கம்தான் தெரியும். நாக்கு நுனிக்கு அது வர வழியில்லை. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவளுக்குக் கேட்கும்படி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இது பரீட்ச இல்ல. இனிக்குதுன்னு சொன்னா பாஸு, இல்லன்னா பெயிலுன்னு கிடையாது. இனிச்சா, டாக்டர் மறுபடி அந்த மாத்திரயத்தான் யோசிக்கணும்."

சண்முகத்தாய் கையை எடுத்துவிட்டார். "நாந்தான் கிள்ளுனேன், இனிக்குதுன்னு சொல்லச் சொல்லி" என்றார். "இனிச்சா நல்லதுன்னு நெனச்சேன். மெடிக்கல்ல கேட்டேன், இது எதுக்குன்னு, சர்க்கரை மாத்திரன்னான். பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துருவீங்க, ஆபீஸ்ல காட்டலாம்னு. இருபது வருசமா இவளுக்கு ஒண்ணுமில்லன்னு ஒருத்தரும் எழுதித் தரல, அண்ணாச்சி."

"உனக்கு இனிச்சுதாம்மா?" என்றேன் மகளிடம்.

"இல்ல. மூக்குல நமநமன்னு இருக்கு. அம்புட்டுதான்."

டைரியில் எண்ணை அடித்தேன். என் டைரியில் அடித்தல் அபூர்வம். கடிகாரத்தை நிறுத்தாமல் தொடர்ந்தோம். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. முத்துமாரிக்கு மூக்கிலிருந்து நீர் வழிந்தது. உறிஞ்சாமல் இருப்பது அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. தாய் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். இந்த முறை அந்தக் கை கிள்ளவில்லை. பத்து ஐம்பத்திரண்டு. ஒரு மணி நேரம். எந்த ருசியும் இல்லை.

டாக்டரம்மா வந்து இன்னொரு துணுக்கை நேராக அவள் நாக்கில் வைத்தார். நாக்கே ருசி அறியாமல் இருந்தால் சோதனை செல்லாது அல்லவா. முத்துமாரி முகம் மலர்ந்துவிட்டது. "யப்பா, இது இனிக்குது."

அதுவும் முடிவு இல்லை, சந்தேகத்துக்குப் பலம் மட்டும்தான் என்று சொல்லி அவளை மதுரைக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மூக்கின் உள்ளே சிறு பிரஷ்ஷால் தடவி உயிரணுக்களை எடுத்து, நுண்ணோக்கியில் வேகமான கேமராவால் படம் பிடித்தார்கள். அந்த வீடியோ டாக்டரம்மாவின் போனுக்கு வந்தது, ஒப்பிட ஒரு நல்ல மூக்கின் வீடியோவோடு. தாய், மகள், மும்தாஜ் சிஸ்டர் உட்பட நாங்கள் ஐந்து பேரும் குனிந்து பார்த்தோம். முதலாவதில் மயிர்கள் அலை அலையாக அடித்தன. ஒரு துகள் அவற்றின் மேல் திரையின் ஓரத்துக்கு நகர்ந்து போயிற்று. இரண்டாவதிலும் மயிர்கள் இருந்தன. வரிசை குறையவில்லை. ஓரிரண்டு லேசாக நடுங்கின. துகள் இருந்த இடத்திலேயே இருந்தது.

"எல்லாரும் ஆபீஸுக்கு வந்துட்டு வேல பாக்காம உக்காந்திருக்காளுவ" என்றாள் முத்துமாரி.

டாக்டரம்மா அவளிடம் மறைக்கவில்லை. இதை முழுதாகக் குணமாக்க மருந்து இல்லை, ஆனால் கெடாமல் காக்கலாம் என்றார். "உன் இருமல் நோய் இல்ல. அந்த மயிரெல்லாம் செய்ய வேண்டிய வேலய அது ஒண்ணுதான் செய்யுது. இனி இருமல நிறுத்துற மருந்து குடிக்காத." காலையும் மாலையும் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துச் சளியை வெளியேற்றுவது, உப்புநீர் ஆவி, சளியின் நிறம் மாறினால் உடனே வந்து மருந்து. ஒருக்களித்துப் படுக்கும் வைத்தியத்தை அவள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தாள். முதல் நாளே என்னிடம் சொன்னாள். காசநோய் மருந்தை அவள் அதன் பிறகு தொடவில்லை. தீப்பெட்டி மருந்தில் குச்சியை முக்கும் அறைப் பக்கம் போகக் கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தோம். ஆபீஸில் லேபிள் ஒட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவாள். ஒவ்வொரு தடவையும் ஈய எழுத்தைத் தானே வாங்கி, இடத்தை எனக்குக் காட்டிவிட்டுத்தான் நிற்பாள்.

இதோடு நிறுத்தினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் டாக்டரம்மா கேட்ட கேள்வி பாக்கி இருந்தது.

கம்ப்யூட்டர் மெஷின் வந்ததிலிருந்து எழுதிய டைரிகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். நெஞ்சுப் படம் திரும்பி வந்து "சரிசெய்தேன்" என்று முடிந்த வரிகள் முத்துமாரியை விட்டுப் பதின்மூன்று. டாக்டரம்மாவின் அனுமதியோடு அவர்களைத் தேடினோம். சிலர் நம்மிடமே வந்துகொண்டிருந்தவர்கள். சிலருக்கு போன் செய்தோம். சிலர் வீட்டுக்கு நானே போனேன். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்க ஒரு நிமிடம் போதும். பதினோரு பேருக்கு இருதயம் இடப்பக்கம்தான் இருந்தது. அவர்களுக்கு நான் உண்மையாகவே கேசட்டை மாற்றிச் செருகியிருக்கிறேன். ஒருவர் விபத்தில் இறந்திருந்தார். அவருடைய பழைய ஸ்கேன் ஒன்றை வீட்டார் வைத்திருந்தார்கள், அதிலும் இடப்பக்கமே.

பதின்மூன்றாவது வரி இது: "நாகலாபுரம் பக்கம், பெண் குழந்தை, 4. பிறந்ததிலிருந்து சளி. காதில் சீழ். படம் திரும்பி வந்தது. சரிசெய்தேன்."

பெயர் எழுதவில்லை. அன்று எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. பழைய கம்ப்யூட்டரோடு அந்தப் படமும் போய்விட்டது. நாகலாபுரத்துக்கு மூன்று தடவை பஸ்ஸில் போய், சுற்றியுள்ள ஊர்களில் விசாரித்தேன். ஓர் ஊரில், வயதான ஒருவர் பருத்திக் காட்டில் நின்றபடி யோசித்துச் சொன்னார்: "எந்நேரமும் மூக்கு ஒழுகிட்டுத் திரியுமே, அந்தப் பிள்ளையா? அவிய மழ பொய்ச்ச வருசமே வீட்டப் பூட்டிட்டுப் போயிட்டாவ. திருப்பூரோ எங்கனயோ." அது இதே குழந்தைதானா என்பதும் எனக்குத் தெரியாது.

இருந்தால், அவளுக்கு இப்போது பதினான்கு, பதினைந்து வயது இருக்கும். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ சொந்த ஊருக்கு வரும்போது, இருமல் அதிகமாகி யாராவது அவளை நம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரலாம். அப்போது அந்த நாற்காலியில் நீங்கள் இருப்பீர்கள். ஈய எழுத்தை முதலில் ஒட்டுங்கள். எல்லாருக்கும் ஒட்டுங்கள், அவள் எப்படி இருப்பாள் என்று நமக்குத் தெரியாது. எழுத்து நேராக நின்று, இருதயம் எதிர்ப்பக்கம் தெரிந்தால், படத்தைத் தொடாதீர்கள். டாக்டரம்மாவைக் கூப்பிடுங்கள். பிறகு எனக்கு ஒரு போன் செய்யுங்கள். டைரியில் அந்த வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது.